பஸ்சுக்கு வைத்த இருபது

துண்டு கொடுக்கிறவள் நான்.
மல்லாவி ஆஸ்பத்திரி, கேற்றுக்குப் பக்கத்தில்
கம்பி வைத்த சின்ன யன்னல்.
மட்டையில் வெட்டிய இலக்கங்கள், ஒன்றிலிருந்து எண்பது வரை,
மூலை மழுங்கி, வேர்வை ஊறி.
ஏழாம் நம்பர் நடுவால் கிழிந்து
பிளாஸ்ரர் ஒட்டிக் கிடக்கிறது.
அதுவும் இங்கத்தே நோயாளிதான்.

ஆறு மணிக்கு யன்னல் திறப்பேன்.
ஏழரைக்கு எண்பதும் முடிந்துவிடும்.
நட்டாங்கண்டல் பஸ் வருவது எட்டே காலுக்கு.

இந்த மூன்று வரிக்குள்
எட்டு வருசம் வேலை செய்தேன்.

பஸ்சால் இறங்குகிறவர்கள் ஓடி வருவதில்லை.
ஓடினாலும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.
முத்துக்கறுப்பனுக்குச் சீனி வருத்தம், வலக்காலில் புண்.
சீலைத் துணிக்கு மேலே சொப்பிங் பை கட்டி
புழுதி படாமல் நடந்து வருவார்.
"முடிஞ்சிருச்சா புள்ள?"
"முடிஞ்சுது ஐயா."
அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.
பூவரசுக்குக் கீழே போய் இருப்பார்
இரண்டரை பஸ் வரும்வரைக்கும்,
வந்த வேலையே அதுதான் என்பதுபோல.

கெட்டிக்காரி மரியநாயகி.
முதல்நாள் பின்னேரமே
பாயும் தண்ணிப் போத்தலுமாக வந்து
விறாந்தையில் பிள்ளையோடு படுத்தாள்.
இளைப்புக்கு வந்த பிள்ளைக்கு
மூன்றாம் நம்பர் கிடைத்தது.
நுளம்பு கடித்த காய்ச்சலும் கிடைத்தது.

மாசி முழுக்க முத்துக்கறுப்பன் வரவில்லை.
பங்குனியில் வந்தார், இரண்டு கட்டைகளில் ஊன்றி.
முழங்காலுக்குக் கீழே சாரம் காற்றில் ஆடியது.
யாழ்ப்பாணத்தில் எடுத்தார்களாம்.
எட்டே காலுக்கு அதே யன்னல், அதே கேள்வி,
"முடிஞ்சிருச்சா புள்ள?"

என் வாய் வழக்கமானதைச் சொல்லிவிட்டது.

அடுத்த கிளினிக் நாள்
அறுபத்தொன்றிலிருந்து எண்பது வரைக்கும் எடுத்து
மைலோ ரின்னுக்குள் போட்டு மூடினேன்.
வரிசை கொதித்தது.
"ஆருக்கு ஒளிக்கிறாய்?"
"உன்ரை சொந்தக்காரருக்கோ?"
கடைக்காரர் விமலேஸ்வரன் பெட்டிசம் எழுதினார், நல்ல கையெழுத்து.

புது டொக்டர் கூப்பிட்டா.
மட்டக்களப்புப் பிள்ளை, என் மகளின் வயதிருக்கும்.
"இப்படிச் செய்ய யார் சொன்னது?"
"பஸ் வாற நேரம்" என்றேன். வேறு பதில் வரவில்லை.
ரின்னைத் திறந்து பார்த்தா. மூடினா.
மார்க்கர் பேனையால் அதன் மேலேயே எழுதினா:
நட்டாங்கண்டல் பஸ், 20.
"இரண்டு மணிக்குப் பிறகும் நான் இருப்பன்" என்றா.

இவ்வளவும்தான் நடந்தது.
கட்டடம் வரவில்லை, ரிப்பன் வெட்டவில்லை.
அலுமாரியில் இன்னொரு கொப்பி இருக்கிறது,
கண்புரை வெட்ட வவுனியாவுக்குப் போகிறவர்களின் பெயர்கள்.
இப்போது பதிந்தால் வருகிற வருசத்துக்கு அடுத்த வருசம்.
சில பெயர்களை நான்தான் வெட்டினேன்,
செத்தவீட்டு நோட்டீஸ் பார்த்து.
அந்தக் கொப்பிக்குப் போதுமான ரின் என்னிடம் இல்லை.

கார்த்திகையில் குளம் வான் பாய்ந்தது.
எட்டே கால் போய், ஒன்பதும் போய்,
கொண்டக்டர் போன் எடுத்தான்:
"அக்கா, பாலத்துக்கு மேலால தண்ணி.
ட்ரக்டரில ஏத்தி அனுப்புறன்.
இருபதையும் குடுத்துப்போடாதேங்கோ."
கடைக்காரர் எழுபத்தாறு வெறுமனே கிடக்குது என்றார்.
கிடக்கட்டும் என்றேன்.
ரின் என் மடியிலேயே இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பெட்டி நிறையச் சேறும் ஆட்களும்.
முதல் இறக்கியது முத்துக்கறுப்பனை,
இரண்டு பெடியள் தூக்கி.
அறுபத்தொன்றைக் கையில் வைத்தேன்.
தூரப் பிடித்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.
"பத்தொம்பது எப்பவோ போயிருக்குமே புள்ள?"

"ஐயா," என்றேன்,
"துண்டைத் திருப்பிப் பிடியுங்கோ."